கடல்விழுங்கிக்கு லேமினேஷன்

எங்கள் வீட்டில் பிளாஸ்டிக் உறை கழற்றப்படாத பொருள்களை முதலில் சொல்லிவிடுகிறேன். டிவி ரிமோட். அப்பாவின் பைக் சீட். நான் முதல் சம்பளத்தில் வாங்கிக் கொடுத்த சோபா. வெயில் காலத்தில் அந்த சோபாவில் உட்கார்ந்து எழுந்தால் காலோடு அதுவும் எழுந்து வரும். விருந்துக்கு வந்த உறம்பரை, அது உரியும் சத்தத்துக்குக் கூச்சப்பட்டு எழாமலேயே இருந்துவிட்டு, ராத்திரிச் சாப்பாட்டையும் முடித்துக்கொண்டு போனதுண்டு.

காகிதம் என்றால் இன்னும் மோசம். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுசாக முடித்த முதல் ஆள் நான். அப்பா கோயமுத்தூர் கணபதியில் ஒரு லேத் பட்டறையில் வேலை செய்கிறார். எழுத்தைக் கூட்டிக் கூட்டித்தான் படிப்பார். கனம் அளக்கும் மைக்ரோமீட்டர் என்றால் கூட்டாமலே படிப்பார். என் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல் கைக்கு வந்த அன்றைக்கே அதைக் கொண்டுபோய் லேமினேஷன் போட்டுவிட்டார். பிறகு சாதிச் சான்றிதழ், பிறகு முதல் பட்டதாரிச் சான்றிதழ். கல்லூரியில் சேரப் போனபோது மேசையில் இருந்தவர் பட்டியலைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இதுமேல எப்படிங்க சீல் வெக்கறது?" என்று கேட்டார்.

"மேலயே வெய்யுங்க," என்றார் அப்பா. "தப்பாப் போச்சுன்னா தொடச்சுக்கலாம்ங்க."

அன்றைக்கே எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை. மாறாக, அப்பாவுக்கு எவ்வளவு முன்யோசனை என்று வரிசையில் நின்றுகொண்டே பெருமைப்பட்டேன்.

இப்போது நான் சரவணம்பட்டியில் ஒரு மென்பொருள் கம்பெனியில் சோதனைப் பிரிவில் இருக்கிறேன். மற்றவர்கள் எழுதிய நிரலில் எங்கே ஓட்டை என்று கண்டுபிடிப்பது வேலை. அங்கே மதியச் சாப்பாட்டு நேரத்தில் சிலர் சின்ன வயதில் சேர்த்த மிருக அட்டைகளைப் பற்றிப் பேசுவார்கள். தீ கக்கும் பல்லி, மூன்று தலைக் கழுகு, பளபளக்கும் வெள்ளித் தகடு ஒட்டியது, ஒட்டாதது. எல்லோருக்கும் அப்படி ஒரு பால்யம் இருந்திருக்கிறது. என் பால்யத்தில் நான் சேர்த்தது தீப்பெட்டிப் படம். அதையும் ஆறாம் வகுப்பில் கணக்கு வாத்தியார் பறிமுதல் செய்துவிட்டார். விட்டுப்போன பாடத்தை இப்போதாவது படித்து முடித்துவிடலாம் என்று தோன்றியது. 'படித்து' என்ற சொல்லைத் தெரிந்துதான் எழுதுகிறேன்.

ஆர்.எஸ்.புரத்தில் ஒரு பேக்கரிக்கு மாடியில், சனிக்கிழமை மதியங்களில் அந்த ஆட்டம் நடக்கும் இடத்தைக் கண்டுபிடித்துப் போய்ச் சேர்ந்தேன். வீட்டில் உள்ளதைச் சொன்னேன்.

"அம்மா, சனிக்கெழம மத்தியானம் சீட்டு வெளையாடப் போறேனுங்."

அம்மா வெங்காயம் உரிப்பதை நிறுத்திவிட்டார். எங்கள் வீட்டில் சீட்டு என்றால் இரண்டு. ஒன்று, அம்மா மாதாமாதம் கட்டும் சீட்டு, அது மரியாதையானது. இன்னொன்று, மில் கேட்டுக்குப் பின்னால் துண்டு விரித்து ஆடுவது.

"ஏஞ்சாமி, இதுக்கா உன்னையப் படிக்க வெச்சோம்? பொண்ணு குடுக்கறவங்க காதுல உழுந்தா என்ன ஆவறது? பையன் என்ன பண்றான்னு கேட்டா, சீட்டாடறானுங்கன்னு சொல்றதா?"

"காசு வெக்கற சீட்டு இல்லீங்ம்மா. இது வேற. படம் போட்ட அட்டை."

"அட்டையா?" அம்மாவின் முகம் உடனே தெளிந்தது. "அப்ப அட்டைன்னு சொல்லு. எதுக்குச் சீட்டுங்கறே?"

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அது அட்டை. ரேஷன் அட்டை, ஆதார் அட்டை, அந்த வரிசையில் இதுவும் ஒன்று. பிற்பாடு நடந்த எல்லாவற்றுக்கும் அந்தப் பெயர் மாற்றம்தான் காரணம் என்று சொல்லித் தப்பிக்கப் பார்த்திருக்கிறேன். அது பாதிக் காரணம்தான்.

ஆட்டத்தை அறியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆளுக்கு நாற்பது அட்டை கொண்ட ஒரு கட்டு. முதலில் ஏழு அட்டை கையில் எடுத்து, பிறகு ஒவ்வொரு முறையும் கட்டிலிருந்து ஒன்றை எடுத்து, கையில் இருப்பதில் எத்தனை வேண்டுமானாலும் இறக்கலாம். இறக்கிய மிருகங்களை விட்டு எதிராளியின் இருபது உயிரையும் தீர்த்தால் வெற்றி. அட்டைகளில் எல்லாம் இங்கிலீஷ்தான். நான் இருநூறு பக்க நோட்டு ஒன்று வாங்கி, முக்கியமான அட்டைகளுக்குத் தமிழில் பெயர் வைத்து, 'வலு, குணம், குறை' என்று மூன்று தலைப்பில் எழுதி மனப்பாடம் செய்தேன். மிக விலைமதிப்புள்ள அட்டை 'கடல்விழுங்கி'. முழுக்க வெள்ளித் தகடு. வாயைத் திறந்த ஒரு பாம்பு அலைகளைக் குடித்துக்கொண்டிருக்கும். அதை இறக்கினால் எதிராளியின் மிருகங்கள் அத்தனையும் அவர் கைக்கே திரும்பிவிடும். அட்டைகள் மூடிய பாக்கெட்டில் வரும், எது கிடைக்கும் என்று பிரித்தால்தான் தெரியும்; இது எத்தனையோ பெட்டிக்கு ஒன்றுதான் வரும். ஆனால் மிக வலுவான அட்டை அதுவல்ல. அது 'மூன்று மூச்சு'. மிருகமே கிடையாது, ஒரு சின்ன ஊதுகுழல் படம், பார்க்கப் பஞ்சாயத்து நோட்டீஸ் மாதிரி இருக்கும். 'மூன்று அட்டை எடுத்துக்கொள்' என்று ஒரே வரி. அது என்னிடம் இருந்தது. ஆட்டத்தில் கையில் மூன்று நல்ல அட்டை அதிகம் என்றால் என்ன அர்த்தம் என்று நான் ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தேன்.

எழுதினேனே தவிர, அதை ஒருநாளும் இறக்கியதில்லை.

அப்படியொன்று கையில் வந்துவிட்டால் என்னால் அதைக் கீழே வைக்க முடியாது. இன்னும் நல்ல சந்தர்ப்பம் வரும் என்று ஓரத்தில் செருகி வைப்பேன். இருபது உயிரும் போய், நான் தோற்று, கையில் உள்ளதை விரித்துக் காட்டும்போது என் மிகச் சிறந்த அட்டைகள் எல்லாம் ஒரு கீறலும் இல்லாமல் வரிசையாக இருக்கும்.

அந்த மேசைக்குத் தலைவி மாதிரி இருந்தவர் ஒரு பல் டாக்டர். நான் அவரை மேடம் என்று கூப்பிட்டேன், வேண்டாம் என்றார். டாக்டர் என்று கூப்பிட்டேன். "பல்லு வலிக்குதாங்க?" என்று கேட்டார். அதற்குப் பிறகு பெயரில்லாமல் 'ஏனுங்க' என்று மட்டும் கூப்பிட்டேன். ஒருநாள் என் தோற்ற கையைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பல்லு எதுக்குங்க இருக்குது? கடிக்கத்தான? நீங்க வெளக்கி வெளக்கி டப்பாவுல வெச்சுட்டுப் பட்டினி கெடக்கறீங்க."

பக்கத்தில் இருந்த பேங்க்காரர் விடவில்லை. துடியலூரிலிருந்து வருபவர், எல்லோரையும் தம்பி என்பார். "தம்பி, லாக்கர் வேணும்னா நம்ம பிராஞ்சுக்கு வாங்க. கைலயே எதுக்கு வெச்சிருக்கறீங்க?"

மூன்றாவது ஆள் பழைய மில் குடும்பம் ஒன்றைச் சேர்ந்த பையன், என் வயதுதான். வீட்டிலிருந்து போன் வந்தால் தெலுங்கில் பேசுவான், எங்களிடம் கோயமுத்தூர்த் தமிழில் பேசுவான், அட்டைகளிடம் மட்டும் இங்கிலீஷில் பேசுவான். அவன் சிரிக்கவில்லை. "பழகிடும் ப்ரோ," என்றான். அது சிரிப்பதைவிட மோசமாக இருந்தது.

இந்த நிலையில்தான் பெங்களூர்ப் போட்டி வந்தது. அணிக்கு மூன்று பேர். டாக்டரும் மில் பையனும் நிச்சயம். அவர்களோடு போய்க்கொண்டிருந்த ஒருவர் வேலை மாறி ஊரைவிட்டுப் போய்விட்டதால் ஒரு இடம் காலி. அதற்கு இரண்டு பேர்: பேங்க்காரர், நான். அந்த இடம் எனக்கு எவ்வளவு வேண்டியிருந்தது என்று சொன்னால் சிரிப்பீர்கள். பரீட்சை எழுதி வாங்கிய இடங்கள் என் வாழ்க்கையில் நிறைய உண்டு. விளையாடுவதற்கு வா என்று யாரும் என்னைக் கூப்பிட்டதில்லை. பள்ளியில் கபடிக்கு ஆள் பிரிக்கும்போதுகூட நான் ஸ்கோர் எழுதுபவன். கையெழுத்து நன்றாக இருக்கும்.

ஒரு சனிக்கிழமை, வழக்கம்போல ஒரு புதுப் பாக்கெட் வாங்கி மேசையில் வைத்துப் பிரித்தேன். நான்கு சாதாரண அட்டை. ஐந்தாவது வெள்ளியாக மின்னியது. அலை. வாய். பாம்பு.

எல்லோரும் மேசைமேல் குனிந்தார்கள். கீழே பேக்கரியில் பப்ஸ் தட்டு கழுவும் சத்தம் கேட்டது.

"ப்ரோ," என்றான் மில் பையன், "மூச்சு விடாதீங்க. ஈரம் பட்டுரும்."

டாக்டர் கைக்குட்டையால் விரலைத் துடைத்துக்கொண்டு ஓரத்தைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தார். "ஏனுங்க, இது உங்க கட்டுல இருந்துச்சுன்னா பெங்களூர் எடம் உங்களுக்குத்தான். அடுத்த வாரம் உங்க ரெண்டு பேருக்கும் ஆட்டம் வெக்கலாம்னு இருந்தோம். இனி அது பேருக்குத்தான்."

பேங்க்காரர், "என்ற பென்சனே போன மாதிரி இருக்குது," என்றார்.

மில் பையன் மெல்லிய பிளாஸ்டிக் உறை ஒன்றில் அதை நுழைத்துக் கொடுத்தான். "இது தற்காலிகம் ப்ரோ. ஊட்டுக்குப் போன ஒடனே நல்லதா ஒண்ணுல போட்டு சேஃப் பண்ணிருங்க."

பஸ்ஸில் வரும்போது அந்த உறையை என் தொழில் புத்தியோடு ஆராய்ந்தேன். மூன்று பக்கம் மூடியிருந்தது. மேல் பக்கம் திறந்திருந்தது. இவ்வளவு பெரிய ஆட்கள், இவ்வளவு அனுபவம், இவ்வளவு பெரிய ஓட்டையைக் கவனிக்கவில்லையே! தூசி போகும், வேர்வை போகும், எறும்புகூடப் போகும். எனக்கு அவர்கள்மேல் கொஞ்சம் பரிதாபமே வந்தது. கணபதியில் இறங்கியதும் நேராக ஜெராக்ஸ் கடைக்கு நடந்தேன்.

அந்தக் கடைக்காரர் என் எல்லாச் சான்றிதழையும் போட்டவர். அட்டையை வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

"என்ன கண்ணு, புது ஐடி கார்டா? போட்டாவுல பாம்பு இருக்குது?"

"இல்லீங்ணா. ரொம்ப முக்கியமான அட்டை. கெட்டியான ஷீட்டா போடுங்க."

"அப்ப நம்ம சர்டிபிகேட்டுக்குப் போட்டதே போட்டர்றேன். பேரன் காலத்துக்கும் இருக்கும்."

மெஷின் சூடாகும்வரை நின்றோம். உள்ளே போகும்போது கடல்விழுங்கி வெள்ளியாகப் போனது. வெளியே வரும்போது அலைகளுக்கு நடுவே இரண்டு சின்னக் கொப்புளங்கள் இருந்தன. தகடு கொஞ்சம் கறுத்திருந்தது. அதைச் சோதனைப் பிரிவில் இருக்கும் நான் பார்த்தேன், மனதில் குறித்தேன், 'சின்னப் பிழை, பெரிய பாதிப்பில்லை' என்று வகைப்படுத்தினேன்.

வீட்டில் அம்மா அதை ஆதார் அட்டையோடு சேர்த்து வைத்தார். அப்பா கையில் வாங்கி வளைத்துப் பார்த்தார். வளையவில்லை. "இனி மழைல நனஞ்சாலும் ஒண்ணும் ஆவாது கண்ணு," என்றார். பத்தாம் வகுப்புப் பட்டியலுக்கும் இதையேதான் சொன்னார்.

அடுத்த சனிக்கிழமை நான் மாடிப்படியை இரண்டிரண்டாக ஏறினேன். என் அட்டைக்கட்டை எடுத்து வைத்தேன். அதன்மேல் கடல்விழுங்கியை டொக்கென்று வைத்தேன். அட்டை வைத்தால் டொக் என்று சத்தம் வரக்கூடாது. அதிலேயே எல்லோரும் நிமிர்ந்துவிட்டார்கள்.

மில் பையன் கிட்டே குனிந்தான். நகத்தால் ஓரத்தைத் தொட்டான். அப்படி ஒரு முகத்தை நான் வேறெங்கோ பார்த்திருக்கிறேன். ஆஸ்பத்திரி வராண்டாவில்.

"ப்ரோ. இது... லேமினேஷனா?"

"ஆமா. கெட்டியான ஷீட்டு," என்றேன். இன்னும் பெருமையாகத்தான். "நாலு பக்கமும் மூடியிருக்குது. நீங்க குடுத்ததுல மேல தொறந்திருந்துது."

"எடுத்து எடுத்துப் போடறதுக்குத்தான் ப்ரோ அது தொறந்திருக்குது!"

டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. மேசையில் தலையை வைத்துக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, டாக்டர்கள் கெட்ட செய்தி சொல்லும் குரலில் விளக்கினார். சூடு பட்ட தகடு திரும்பாது. பிரித்தால் படமும் சேர்ந்து வரும். வாங்குகிறவன் எவனும் இனி தொடமாட்டான். விலை போனது போகட்டும். ஒரு கட்டுக்குள் எல்லா அட்டையும் ஒரே மாதிரி, ஒரே கனத்தில் இருக்க வேண்டும் என்பது விதி. பின்பக்கம் பார்த்தே எது எங்கே இருக்கிறது என்று தெரிந்தால் அது ஆட்டமல்ல. "இது ஒரு மைல் தூரத்துல இருந்தே தெரியுதுங்க."

"கலைச்சாலே கைல குத்துமே," என்றார் பேங்க்காரர். குரலில் அனுதாபமும் இருந்தது, பென்சன் திரும்பி வந்த தெளிவும் இருந்தது.

"அப்ப பெங்களூர் எடம்?" என்று கேட்டேன்.

"ஆட்டம் வெச்சுத்தான் பாக்கோணும்," என்றார் டாக்டர். "அடுத்த வாரம் வெச்சுக்கலாம்."

வீட்டுக்கு வந்து சொல்லாமல் இருக்கலாம் என்றுதான் நினைத்தேன். சாப்பிடும்போது முகம் காட்டிக்கொடுத்துவிட்டது. அப்பா முழுதும் கேட்டார். எழுந்துபோய்ப் பையிலிருந்து மைக்ரோமீட்டரை எடுத்து வந்தார். முதலில் ஒரு சாதாரண அட்டையை வைத்துத் திருகினார், பிறகு கடல்விழுங்கியை.

"அது மூணு பாயிண்ட்டு. இது அஞ்சரை. கிட்டத்தட்ட ரெண்டு பங்கு." கொஞ்சம் யோசித்தார். "ஓரத்தச் சீவிப்போடலாம். கனத்தக் கொறைக்கறதுன்னா மேல் தோலு உரிக்கோணும்."

அம்மா இஸ்திரிப் பெட்டியைக் கொஞ்சமாகச் சூடாக்கிக் கொடுத்தார். அப்பா ஒரு மூலையைப் பிளேடால் நெம்பினார். தோல் வந்தது. கூடவே பாம்பின் வால் வந்தது.

மூவரும் வாலைப் பார்த்தோம்.

"போதுங்ப்பா," என்றேன்.

அப்பா பிளேடை வைத்துவிட்டார். "இத எறக்கித்தான் செயிக்கோணுமா? உன்றகிட்ட வேற நல்ல அட்டையே இல்லியா?"

"இருக்குதுங்."

"அதையெல்லாம் எறக்கினியா?"

நான் ரசத்தை ஊற்றிக்கொண்டேன். பைக் வாங்கி ஒன்பது வருஷமாக சீட் உறையைக் கழற்றாதவர் கேட்கும் கேள்வியா இது என்று உள்ளுக்குள் கோபம் வந்தது. அந்தக் கோபத்தோடே தூங்கிவிட்டேன்.

அடுத்த சனிக்கிழமை பேங்க்காரரோடு ஆட்டம். டாக்டரும் மில் பையனும் இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்தார்கள். முதல் எடுப்பிலேயே வந்தது மூன்று மூச்சு. என் விரல்கள் அதைப் பழக்கப்படி கையின் ஓரத்துக்கு நகர்த்தின. எதிரே பேங்க்காரர் அந்த அசைவைப் பார்த்துவிட்டுப் புன்னகைத்தார். எனக்கு ஏதோ நல்லது வந்திருக்கிறது, அது இனி வெளியே வராது என்று அவருக்குத் தெரியும். என் எதிராளிகள் எல்லோருக்கும் அது தெரிந்திருக்கிறது என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. இத்தனை நாள் என்னோடு ஆடியவர்கள் நாற்பது அட்டைக்காரனோடு ஆடவில்லை, முப்பது அட்டைக்காரனோடு ஆடியிருக்கிறார்கள்.

மூன்று மூச்சை இறக்கினேன். இறக்கினேன் என்பது மரியாதையான சொல். அது விரலிலிருந்து வழுக்கிப் போய், அவர் டீ டம்ளரில் மோதி ஓரம் நனைந்து நின்றது.

"அதுக்குள்ளயா தம்பி?" என்றார்.

மூன்று அட்டை எடுத்தேன். அடுத்த முறை அதில் நல்லதையே இறக்கினேன். அதற்கடுத்தும். ஒவ்வொன்றையும் வைக்கும்போது யாரோ என் பையிலிருந்து சான்றிதழை உருவுகிற மாதிரி இருந்தது. ஏழாவது சுற்றில் என் கை காலி. வாழ்க்கையில் முதல்முறை. விரலை என்ன செய்வது என்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டேன். அவருக்கு இரண்டு உயிர் மிச்சம், எனக்கு ஒன்று. என் முறை வந்தது. கட்டிலிருந்து ஒன்றை எடுத்தேன்: ஒரு சுண்டெலி. நோட்டில் அதற்கு நான் அரை வரிதான் எழுதியிருந்தேன்: 'வலு இரண்டு, வந்த உடனே தாக்கும், பயனில்லை.'

சுண்டெலி போய் அவருடைய இரண்டு உயிரையும் கடித்தது. பேங்க்காரர் தன் கையை விரித்துக் காட்டினார். அதில் மூன்று மூச்சு ஒன்று இருந்தது. "நானும் வெச்சுப்போட்டேன்," என்றார் பாவமாக.

பெங்களூருக்குக் கிளம்பும் காலையில் அம்மா ஒரு பைலைக் கையில் கொடுத்தார். வெளியூர் என்றால் ஒரிஜினல் எல்லாம் கையில் இருக்க வேண்டும் என்பது எங்கள் வீட்டு விதி. வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன்.

போட்டி நடந்த இடத்தில், வாசல் மேசையில் இருந்தவர் நல்லவேளை தமிழ் பேசினார். அடையாள அட்டை கேட்டார். பைலைத் திறந்து கவிழ்த்தேன். பத்தாம் வகுப்பு, சாதிச் சான்றிதழ், முதல் பட்டதாரி, எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகச் சறுக்கி விழுந்தன. கடைசியில் ஆதார், அதன்மேல் டொக்கென்று கடல்விழுங்கி, வால் இல்லாமல்.

அவர் அதை எடுத்தார். வெளிச்சத்தில் பிடித்தார். என்னைப் பார்த்தார். மறுபடி அதைப் பார்த்தார். அந்த மனிதருக்கு அதன் அருமை தெரியும் என்பது அவர் அதை இரண்டு கையாலும் ஓரம் பிடித்துத் தாங்கியதில் தெரிந்தது.

"சார்... இத யாரு...?"

எனக்குப் பின்னால் நின்ற டாக்டர் எட்டிச் சொன்னார்: "அது அவரோட சர்டிபிகேட்டுங்க. ஆட்டத்துக்கு இல்ல. நீங்க பேரை எழுதுங்க."

எழுதினார். உள்ளே போய் மூவரும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தோம். என் எதிரே கண்ணாடி போட்ட ஒரு பெண் கட்டைக் கலைத்துக்கொண்டிருந்தாள். ஏழு அட்டை எடுத்தேன். அதில் ஊதுகுழல் படம் போட்டது ஒன்று, புது உறைக்குள் கொஞ்சம் டீக்கறையோடு இருந்தது. என் கட்டைவிரல் அதை மெல்ல ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டிருந்தது.

பக்கத்தில் டாக்டர், தன் அட்டைகளைப் பார்த்தபடியே, இருமினார்.

இறக்கினேன்.